ஆறு மணி நன்கொடை

சங்கத்துக்கு நன்கொடை கேட்கிற அந்த அழைப்பு எப்போதும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, டீக்குத் தண்ணீர் வைத்திருப்பேன். அதற்குச் சற்று முன்புதான் என் கணவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காரைக்கால் பக்கம் போயிருப்பார். வண்டிச் சத்தம் அடங்கியதும் போன் அடிக்கும். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே. எல்லை தாண்டினால் காரைக்கால். அங்கே சரக்கு விலை குறைவு, வகை அதிகம். எல்லையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. அங்கே நிற்கிறவர்கள் யாராவது பாட்டில் கொண்டுவருகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். சீட்டைத் தூக்கச் சொல்வார்கள், பையைத் துழாவுவார்கள். அதனால் வாங்கிவந்து வீட்டில் வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்கிறவன்கூட, எதற்கு வம்பு என்று அங்கேயே குடித்து முடித்துவிட்டு வண்டி ஏறுவான். கையில் இருந்தால் மாட்டிக்கொள்வான், வயிற்றில் இருந்தால் போய்க்கொண்டே இருப்பான். இப்படி ஆக்கி வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடிக்கிறவர்களின் மனைவிமார் எல்லோரும் சொல்வதுதான் இது, இருந்தாலும் சொல்கிறேன். அடிக்க மாட்டார், ஏச மாட்டார். சிங்கப்பூரில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து நிலத்தைப் பார்க்கிறார். காலையில் அவரைப் பார்த்தால் இப்படி ஒரு மனிதரா என்று இருக்கும். சாயங்காலம் ஆனால் கால் தானாக வண்டிப் பக்கம் போகும். திரும்பி வருகிற பாதை ஆற்றங்கரையோடு வருவது. விளக்கு கிடையாது, பாலத்துக்கு ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிறது. அவர் வண்டி வாசலுக்கு வந்து நிற்கிறவரை நான் மனுஷியாக இருக்க மாட்டேன். சண்டை, அழுகை, பட்டினி, பேசாமல் இருப்பது எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. கடைசியில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். முடிந்து வைத்தால் அன்றைக்கு வீடு வந்து சேருவார் என்று ஒரு நம்பிக்கை. நான் கணக்கு டீச்சர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்துக்கு என் நம்பர் கிடைத்தது பள்ளிக்கூடத்தில். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை ஒழிக்கிற சங்கம் என்று சென்னையிலிருந்து சிலர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். குடிக்கவும் தெரியாத, வண்டியில் ஏறினால் காலும் எட்டாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து, வேகாத வெயிலில் கடைத்தெரு வரைக்கும் பேரணி நடத்தினார்கள். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தின. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். சங்கத்துக்காரர்களும் படம் பிடித்தார்கள். பிறகு ஆசிரியர்கள் எல்லோரிடமும் போன் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டு, கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். அன்றோடு எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று அவர்கள் எங்காவது எழுதி வைத்திருக்கக்கூடும்.

முதல் அழைப்பில் பேசியது சின்னப் பெண். இருபது, இருபத்திரண்டு வயதுக் குரல். சரளமாக ஒப்பித்தாள். ஏதோ ஒரு ஊரில் ஒரு கல்லூரி மாணவன், அவனை ஒற்றைப் பிள்ளையாக வளர்த்த அம்மா, எதிரே குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த லாரி. கேட்கக் கேட்க எனக்கு அந்த அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் ஆத்திரமும் வந்தது. வந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்.

“எங்க வீட்டுக்காரரு இப்பதான் காரைக்காலுக்குக் குடிக்கப் போயிருக்காரு. குடிச்சிட்டு வண்டியிலதான் வருவாரு. அவரை நிறுத்துறதுக்கு உங்க சங்கத்துல ஏதாவது வழி இருக்காம்மா?”

அவள் கையில் இருந்த தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதித் தரவில்லை போலிருக்கிறது.

“நீங்க குடுக்குற நன்கொடைக்கு வருமான வரியில விலக்கு உண்டு மேடம்” என்றாள்.

போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவர் அந்த நேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். சாவு, லாரி, குடிகாரன் என்று அந்தப் பெண் பேசியதெல்லாம் விளக்கேற்றிய வீட்டில் விழுந்திருந்தது. ஒன்றும் கொடுக்காமல் அவளை அனுப்பினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பட்டது. பணத்தை அனுப்பினேன். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தார்.

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். மஞ்சள் துணி போய் போன் வந்தது, அவ்வளவுதான். மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டவர்கள் பிறகு வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டார்கள். யாருக்குப் போன் அடித்துக் கேட்டால் பணம் வரும் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும் அல்லவா?

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். பணத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். விழிப்புணர்வு என்றாள். எங்கள் ஊரில் குடிக்கிறவர்களுக்கு இருக்கிற விழிப்புணர்வு வேறு யாருக்கும் இல்லை. போலீஸ் எந்தத் திருப்பத்தில் நிற்கிறது, எந்த வாய்க்கால் கரையில் புகுந்தால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. அந்தக் காசில் சாயங்காலம் எல்லையிலிருந்து ஒரு வேன் விடுங்களேன், எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து அவரவர் வாசலில் இறக்கட்டும், நானே மாசாமாசம் தருகிறேன் என்று சொன்னேன். அது எங்கள் திட்டத்தில் இல்லை என்றாள். நன்னிலம் பக்கம் உங்கள் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். அவள் சங்கத்து ஆளே இல்லையாம். போன் பேசுகிற கம்பெனியில் வேலை. சங்கத்துக்காரர்களை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காலையில் வேறு எதற்கோ கூப்பிடுவார்களாம், சாயங்காலம் இது.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோனதில் ஒரு ஒட்டுதல்கூட வந்துவிட்டது. அந்த ஒட்டுதலில்தான் ஒரு நாள் என் கணவரின் நம்பரை அவளிடம் கொடுத்தேன். நான் சொன்னால் அது தினப்படி நச்சரிப்பு. முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தக் கல்லூரி மாணவன் கதையைச் சொன்னால் ஒருவேளை உறைக்கும் என்று நினைத்தேன்.

உறைத்தது. அதுதான் கொடுமை. அவள் கூப்பிட்டபோது அவர் பாரில் உட்கார்ந்திருக்கிறார். கதையை முழுக்கக் கேட்டு, தேம்பித் தேம்பி அழுது, நான் அதுவரை கொடுத்ததெல்லாம் தூசு என்கிற அளவுக்கு அங்கிருந்தபடியே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வரும்போதும் கண் சிவந்திருந்தது.

“பாவம்டி, ஒத்தப் புள்ளையாம். அதையே நெனச்சு அழுதுகிட்டு வந்தேன், வழியெல்லாம் ரோடே தெரியல” என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் கூரியரில் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே ஒரு ஸ்டிக்கர். ‘நான் குடித்துவிட்டு வாகனம் ஓட்டமாட்டேன்’ என்று சிவப்பு எழுத்து, கீழே சங்கத்தின் முத்திரை. அதை அவரே ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் பண்ணி, ஹெட்லைட்டுக்கு மேலே ஒட்டினார். கேலிக்கு ஒட்டவில்லை, பெருமையாகத்தான் ஒட்டினார். அதன் பிறகு சாவடியில் அவர் வண்டியை யாரும் நிறுத்துவதில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுப் போங்க சார் என்று கையைக் காட்டுகிறார்களாம். அதை என்னிடம் வந்து சொல்லி அவர் சிரித்தார். என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஒரு போலீஸ்காரர் வாயை ஊதச் சொல்லி வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். இருந்த ஒரு வழியும் நான் கொடுத்த நம்பரால் அடைபட்டது.

குறுவை அறுவடை சமயம் மழை விட்டு விட்டுப் பெய்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று எங்கள் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். எல்லோரும் செய்கிற மாதிரி நாங்களும் ஆற்றங்கரை ரோட்டில் பாதியை அடைத்து, ஓரத்தில் கல் வைத்து, நெல்லைப் பரப்பிக் காயப்போட்டோம். எங்கள் வயலில் வெகு காலமாக வேலை செய்கிற ஒரு பெண்தான் காவலுக்கு இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், புருஷன் இல்லை. பொழுது சாய்கிற நேரம் நெல்லைக் கூட்டிக் குவித்து மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் அன்று மத்தியானமே காரைக்கால் போய்விட்டிருந்தார். திரும்பி வந்த வேகத்தில், தன் வீட்டு நெல்லைக் காத்துக்கொண்டிருந்த பெண்ணின்மேல் வண்டியை ஏற்றினார்.

அவர் நெல் குவியலில் போய் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஹெட்லைட் கண்ணாடி சுக்கல் சுக்கலாகிக் கிடந்தது. ஸ்டிக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே நாலு பேர் கூடிப் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். வண்டி என்று சொன்னால் கேஸ் ஆகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அவளுக்கும் அலைச்சல்தான், ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து அவள் எழுந்து நடக்கிறவரை வீட்டுச் செலவு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வது என்று. அவளை யாரும் கேட்கவில்லை. வேனில் படுக்க வைத்தபோது முனகிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீங்க என்று டாக்டர் கேட்டார். நெல்லுல வழுக்கிடுச்சுங்க என்று அவளே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் என் வீடு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும், திறக்காவிட்டால் அவள் கால் நெல்லில் வழுக்கி உடைந்ததாக ஆகிவிடும். நின்றுகொண்டே இருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் என் கணவர் சாயங்காலம் வீட்டிலேயே இருந்தார். வண்டியைச் சரிபண்ணி எடுத்துவந்தும்கூடத் தொடவில்லை. நான் நம்பினேன். ஒரு உயிர் போகாமல் ஒரு காலோடு இது முடிந்ததே என்று, சொல்லக் கூசுகிறது, சந்தோஷப்பட்டேன்.

அந்த நம்பிக்கையோடுதான் அவளைப் பார்க்க இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் போனோம். நன்னிலம் வரை வண்டி, அதற்காக அன்றைக்குத்தான் அதை மறுபடி எடுத்தார். அங்கிருந்து பஸ். அவர் அவளுக்கு இளநீர் வாங்கக் கீழே இறங்கிப் போன நேரத்தில், வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே போன் வந்தது. அதே பெண். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களால் பாதிக்கப்பட்டவங்களுக்காக என்று ஆரம்பித்தாள். எனக்குள் என்ன புகுந்ததோ, பாதிக்கப்பட்டவங்ககிட்டயே பேசும்மா என்று சொல்லிவிட்டுப் போனைக் கட்டிலில் கிடந்தவள் கையில் கொடுத்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். கல்லூரி மாணவன், ஒற்றைப் பிள்ளை, லாரி. ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள்.

“பாவமா இருக்கு டீச்சரம்மா. ஏதாச்சும் குடுத்து விடுங்க. நமக்காச்சும் நெல்லுல வழுக்குனதோட போச்சு. அவங்களுக்குக் குடிகாரன்ல வந்து மோதியிருக்கான்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்காகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா, இல்லை இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நிஜமாகிவிட்டதா? என்னால் கேட்க முடியவில்லை. கேட்டு அவள் உண்மையைச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

பணத்தை அனுப்பினேன். யார் பேரில் போடட்டும் மேடம் என்று அந்தப் பெண் கேட்டாள். கட்டிலில் கிடந்தவள் பேரைச் சொன்னேன். அவங்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் அனுப்பி வைக்கிறோம், வண்டியில ஒட்டிக்கச் சொல்லுங்க என்றாள். சரி என்றேன்.

நன்னிலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்தது அவரை அறுத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். வாசலில் என்னை இறக்கிவிட்டார். வண்டியை அணைக்கவில்லை.

“சீக்கிரம் வந்துடுறேன்” என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வண்டி கிழக்கே திரும்பியது. விளக்கேற்ற உள்ளே போனேன். அன்றைக்கான காசு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது, அவள் பேரில்.