அக்கா திரும்பி வருவாளா?

நான் கைடு எழுதுகிறவள். இலக்கிய விமர்சகர் என்று கார்டு அடித்துக்கொள்ளும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. பி.ஏ., எம்.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்திருக்கும் பழைய நாவல்களையும் நாடகங்களையும் எடுத்து, இவள் ஏன் இப்படிப் பேசினாள், அவன் ஏன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டான் என்று எழுதுவது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்துத் தென்னூர் டுடோரியலுக்குப் போனால், சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சுதான். சனிக்கிழமைகளில் மட்டும் பரீட்சைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் வருவார்கள். ரிடையர் ஆன பேங்க்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்த பெண்கள். அவர்களுக்கும் அதே நூல்கள்தான். மார்க் பயம் இல்லாததால் அவர்கள் கேட்கும் கேள்வி நேராக இருக்கும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "கதைச் சுருக்கம் மட்டும் போதும் மேடம்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன். கதைச் சுருக்கம் சொல்வதற்கு நான் எதற்கு, போனே போதுமே.

என்னை வம்பில் மாட்டிவிட்ட நாடகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்காதவர்களும் படித்த மாதிரி தலையாட்டுவார்கள். ரொம்பப் பழைய தமிழ் நாடகம். பேச்சுத் தமிழிலேயே எழுதியது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை ஓர் அக்கா வளர்க்கிறாள். கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கோ கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "தம்பி, போயிட்டு வரேன்" என்கிறாள். தம்பி ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! வெற்றிலையை மடித்துக்கொண்டே "ம்" என்பான். வளர்ந்து ஆளானதும், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. ஆனால் சண்டை போடவில்லை. கடைசிக் காட்சியில் கையில் ஒரு கூடையோடு வாசலுக்கு வந்து நின்று ஏதோ சொல்கிறாள். தம்பி எழுந்து நிற்கிறான். திரை விழுகிறது.

அவள் என்ன சொன்னாள் என்பதில்தான் வம்பே. பிள்ளைகள் படிக்கும் கல்லூரிப் பதிப்பில் "போயிட்டு வரேன்" என்று இருக்கிறது. அதை வைத்து எல்லாக் கைடுகளும் ஒரே ராகம் பாடும்: அக்கா கடைத்தெருவுக்குப் போகிறாள், தம்பி மனம் திருந்தி மரியாதையாக எழுந்து நிற்கிறான், குடும்ப ஒற்றுமையே இந்நாடகத்தின் செய்தி. நானும் அதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்தக் காட்சியை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். பெரிய கடை வீதிப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வீட்டம்மா அக்காவின் வசனத்தை வாசித்தார். அவர் கையில் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய, கல்லூரிப் பதிப்புக்கும் முந்தைய பதிப்பு. "போறேன்" என்று வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"ச்சே, என்ன டீச்சர் இது, இப்படியா சொல்லுவாங்க? எங்க வீட்டுக்காரங்க துபாய்க்கு ஃப்ளைட் ஏறும்போதுகூட போயிட்டு வரேன்னுதானே சொல்லுவாங்க."

மற்றவர்கள் தங்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, இதுல சரியாத்தான் இருக்கு" என்றார்கள். நான் அவர் புத்தகத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன். நாடகம் முழுக்க "போயிட்டு வரேன்" என்று சொன்னவள், கடைசியில் மட்டும் "போறேன்" என்கிறாள். அவள் கடைத்தெருவுக்குப் போகவில்லை. ஒரேயடியாகப் போகிறாள். அழவில்லை, சபிக்கவில்லை, வழக்கமாகச் சேர்த்துச் சொல்கிற ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய கோபத்தை நான் எந்த நாடகத்திலும் படித்ததில்லை.

அந்த வேகத்தில் என் கைடில் ஓர் அத்தியாயமே எழுதினேன். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் போய், அக்கா திரும்பி வரமாட்டாள் என்று செமஸ்டரில் எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் முட்டை. விஷயம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டது. "அந்த டுடோரியல் அம்மா கைடை வாங்காதீங்க, ஃபெயில் ஆயிடுவீங்க" என்று. கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகப் புத்தகம் திரும்பி வந்தது. மன்னார்புரத்தில் அச்சகம் வைத்திருக்கும் என் பதிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துடுங்க. இல்லைன்னா கைடையே நிறுத்த வேண்டியதுதான். நான் என்ன பண்றது சொல்லுங்க."

"புத்தகத்துல உயிரா இருக்கறதே அந்த அத்தியாயம்தான். அதை எடுத்துட்டு எதைப் போடறது, கதைச் சுருக்கமா?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகு பயமாக இருந்தது. பல வருஷம் டுடோரியலில் தொண்டை கிழியக் கத்தி, முதல் தடவையாக என் பெயர் போட்டு வந்த புத்தகம் அது. என்னை நம்பி எழுதிய பிள்ளைகளை நானே கைவிட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு எந்த முகத்தோடு போவது என்றும் இருந்தது.

கல்லூரிப் பதிப்பைத் தயாரித்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். ஊரில் பாதித் தமிழாசிரியர்கள் அவரிடம் படித்தவர்கள். அவரைத் தாண்டாமல் இதற்கு வழியில்லை என்று தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வாசகர் வட்டம் சும்மா இருக்குமா? உடனே ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஒரு விவாதம் வைத்துவிட்டார்கள். தலைப்பு: அக்கா திரும்பி வருவாளா? தட்டியைப் பார்த்து, யாரோ காணாமல் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒருவர் உள்ளே வந்து விசாரித்தார். உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு மாடி ஹால். என் பிள்ளைகள் கடைசி வரிசையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்கள். பதிப்பாளரும் வந்திருந்தார். "இன்னிக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பேராசிரியர் முதலில் பேசினார். மனுஷர் பேச்சென்றால் பேச்சு. குரல் ஏறி இறங்க, ஹால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது.

"அந்த வார்த்தையைத் திருத்தினது நான்தாங்க. மறைக்கலையே. அது அச்சுப்பிழை. வாசல்ல நின்னு போறேன்னு சொல்ற பொண்ணை எந்தத் தமிழ் வீட்லயாவது பாத்திருக்கீங்களா? சாவு வீட்லகூட சொல்லிக்காமக் கிளம்புவோமே தவிர, போறேன்னு சொல்ல மாட்டோம். சரி, அவ ஒரேயடியாப் போறான்னே வச்சுக்குங்க. தம்பி எதுக்கு எழுந்து நிக்கிறான்? மரியாதைக்கு. வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் எழுதி வைத்திருந்த பேச்சில் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது காகிதத்தில் இருக்கிற பதில். படித்தால் சரியாக இருக்கும், கேட்டால் கொட்டாவி வரும். பேப்பரை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"சார் சொன்னது நூத்துக்கு நூறு சரி. எந்தப் பொண்ணும் அப்படிச் சொல்ல மாட்டா" என்றேன். பதிப்பாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நான் பேசப் போறதில்லீங்க. அந்தக் காட்சியை இங்கயே வாசிச்சுப் பாத்துடலாம். தம்பிக்கு வசனம் கிடையாது, அதனால அவனுக்கு ஆள் வேண்டாம். அக்கா மட்டும் போதும்."

ஜவுளிக் கடை அம்மாவைக் கூப்பிட்டேன். "யா அல்லாஹ், இத்தனை பேரு முன்னாடியா?" என்று முனகிக்கொண்டே வந்தார். முதலில் பேராசிரியரின் பதிப்பு. அந்த அம்மா தன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பக்கத்துக் கதவு வரைக்கும் நடந்து, திரும்பி, "தம்பி, போயிட்டு வரேன்" என்றார். யாரோ இருமினார்கள். யாரோ போனைப் பார்த்தார்கள். பேராசிரியர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பழைய பதிப்புல இருக்கறபடி" என்றேன்.

அந்த அம்மா மறுபடி மேடைக்கு வந்து, மறுபடி நடந்தார். இந்தத் தடவை என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியாது, நடை மெதுவாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, மேடையைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்.

"தம்பி, போறேன்."

சொல்லிவிட்டு உண்மையாகவே வெளியே போய்விட்டார். எனக்குப் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மா! போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்கம்மா!"

பேராசிரியர். எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பதற்றம். தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது, குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"சார்," என்றேன். "தம்பி எதுக்கு எழுந்து நிக்கிறான்னு கேட்டீங்க. நீங்க இப்ப எதுக்கு எழுந்தீங்க?"

அவ்வளவுதான். ஹால் வெடித்தது. கடைசி வரிசையில் என் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு விசிலடித்தார்கள். முட்டை வாங்கியதிலிருந்து என்னோடு பேசாமலிருந்த பெண், "மார்க் போனாப் போகுது மேடம்!" என்று அங்கிருந்தே கத்தினாள். வெளியே போன அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "நான் உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்க, சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை. ஜெயித்தவள் அழுதால் என்ன!

பேராசிரியர் உட்காரவில்லை. சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"மரியாதைக்கு எழுந்திருக்கலீங்க. வயித்துல பகீர்னுச்சு, எழுந்துட்டேன்" என்றார். "அது அச்சுப்பிழை இல்லை. அந்தப் பொண்ணு வரமாட்டா."

பிறகு பதிப்பாளரைத் தேடிப் பார்த்து, "அந்த அத்தியாயத்துல கை வைக்காதீங்க" என்றார். பதிப்பாளர் இருந்த இடத்திலேயே கும்பிட்டார். கும்பிடு எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஹால் காலியாகிவிட்டது. கீழே தேங்காய்க் கடைக்காரர் தட்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது பேராசிரியர் என்னோடு கல்லூரிப் பதிப்பின் அடுத்த அச்சு எப்போது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் நின்றார்.

"இத்தனை வருஷமா அவளை வீட்டை விட்டுப் போகவிடாமப் பிடிச்சு வச்சிருந்தது தம்பி இல்லம்மா, நான்தான்" என்றார். "அடுத்த அச்சுல அவளைப் போகவிட்டுடறேன்."