ஜன்னல் பக்கமா, நடைப் பக்கமா?

இந்த நாட்டில் எதை எடுத்தாலும் கேள்விதான். டீயில் பால் முதலிலா பிறகா, ரொட்டி வெள்ளையா பழுப்பா, கதவு திறந்திருக்கட்டுமா சாத்தட்டுமா. நர்ஸ் வேலைக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வாரம், காலை நாஷ்டாவுக்கு வரிசையில் நின்றபோது சமையற்கட்டு அம்மாள் முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டாள். முட்டை கிடைக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அது எப்படி வேண்டும் என்றும் ஒரு கேள்வி உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. "எனிதிங் வில் டூ" என்றேன். நான் பணிவாகச் சொன்னதாக நினைத்தேன்; அவளோ நான் அவளை மெனக்கெடுத்துகிறேன் என்று நினைத்து முகத்தைச் சுளித்தாள். அதே பதிலை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லி, வார்டில் எனக்கு 'மிஸ் எனிதிங்' என்று பட்டப் பெயரே வந்துவிட்டது.

நான்கு வருஷம் கழித்து முதல் விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டபோது, லண்டன் விமான நிலையத்தில் கவுண்டர்க்காரப் பெண் ஓர் அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். அட்டை நிறையச் சின்னச் சின்ன நம்பர் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஓர் இருக்கை. "விண்டோவா, ஐலா?" என்றாள். ஐல் என்றால் இருக்கைகளுக்கு நடுவே நடந்து போகிற வழி. வழக்கம்போல 'எனிதிங்' என்று வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டேன். பின்னால் வரிசை நீண்டது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது போலும், "வெறும் ஸீட்டுதானே அம்மா" என்றாள். வெறும் ஸீட்டுதான். அது ஏன் எனக்கு வெறும் ஸீட்டு இல்லை என்று விளக்க வேண்டுமானால், அவளை எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்றால் ஊரார் இருக்கும் ஊர். நாங்கள் இருந்தது சேரி. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருடையது. ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னால், எந்த மழையானாலும் நைனா தண்ணீருக்குள் முங்கி மதகுப் பலகையை அசைத்துவிட்டு வருவார். அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு குழிகூட எங்களுடையது இல்லை. ஆனாலும் வாய் திறந்தால் "என் ஏரி"தான். பஸ் அந்த ஏரிக்கரையை ஒட்டி அரை மைல் ஓடும்.

ஐம்பதுகளில் அந்த பஸ்ஸில் இன்னார் இங்கே உட்காரலாம், இன்னார் கூடாது என்று எந்தப் பலகையும் மாட்டியிருக்கவில்லை. டிக்கெட் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நைனா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பாதி பஸ் காலியாக இருந்தாலும் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆண்டை வீட்டார் யாராவது ஏறினால் எழுந்துகொள்ள வேண்டும். எழுந்துகொள்வதைவிட முதலிலேயே நின்றுகொண்டிருப்பதில் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்பது அவர் எண்ணம். அதை எனக்கு அவர் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஏரி வர இன்னும் கொஞ்ச தூரம்தான். மாகறலில் ஆண்டையின் தம்பி ஏறினார். எங்கள் ஜனங்கள் அவரைச் சின்ன ஆண்டை என்பார்கள். நைனா வந்து என் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து நிறுத்தினார். கை வலித்ததைவிட எல்லோரும் பார்த்ததுதான் எனக்கு வலித்தது. அழுதேன்.

"அதுக்கேன் அய்வுற?" என்றார் நைனா. "ஜன்னலாண்ட குந்தினா ஒரு பக்கந்தான் தெரியும். நடுவுல நின்னுகினா ரெண்டு பக்கமும் தெரியும்."

அன்றைக்கு நான் அதை நம்பினேன். பல வருஷம் நம்பினேன். பிற்பாடு, அவர் உயரத்துக்கு பஸ்ஸில் நிமிர்ந்து நின்றால் கண் ஜன்னலுக்கு மேலே போய்விடும், ஒரு பக்கமும் தெரியாது என்பது உறைத்தபோது நான் நர்ஸ் படிப்பே முடித்திருந்தேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது நைனா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சேலை கேட்கவில்லை, வாட்ச் கேட்கவில்லை. "மேலேர்ந்து பாத்தா நம்ம ஏரி தெரியுதான்னு பாத்து எயுது" என்றார். மெட்ராஸிலிருந்து பம்பாய் போகிற விமானம் நம் பக்கமாகத்தான் போகும் என்று எங்கள் சேரிச் சபையின் உபதேசியார் யாரிடமோ கேட்டு அவருக்குச் சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்ததும் ஜன்னல் ஸீட்டுதான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அப்போது கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் என் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நின்றார், அவ்வளவுதான். நான் பெல்ட்டை அவிழ்த்து எழுந்து, அவர் கையில் இடித்துக்கொண்டு வெளியே வந்து வழியில் நின்றுவிட்டேன்.

அவர் நின்றது மேல் தட்டில் தொப்பியை வைப்பதற்காக. நான் எழுந்ததைப் பார்த்து, ஜன்னலோரம் உட்காரப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பயமா?" என்று அன்பாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது பொய்யும் இல்லை. பாவம், நல்ல மனுஷர். தன்னுடைய நடைப் பக்கத்து ஸீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு என் ஜன்னலில் அவர் உட்கார்ந்தார். பம்பாய் வரை பேப்பர் படித்தார். ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு முழம் வெள்ளை மேகம்தான் தெரிந்தது.

இங்கே வந்ததும் நைனாவுக்குக் கடிதம் எழுதினேன். ஏரி நன்றாகத் தெரிந்தது, தளும்பத் தளும்பத் தண்ணீர், வெயிலில் வெள்ளித் தட்டுப் போல மின்னியது என்று எழுதினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டினாராம். நைனா சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இதையெல்லாம் சொன்ன பதில் கடிதத்தைப் படித்த நாள் முதல் அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவேதான் நான்கு வருஷம் கழித்து அந்தக் கவுண்டரில் "விண்டோ" என்றேன். பம்பாயில் விமானம் மாறியபோதும் விண்டோ என்றேன். மிஸ் எனிதிங் செத்துப்போனாள் என்று எனக்குள்ளே ஒரு திமிர். யார் வந்து நின்றாலும் அசைவதில்லை என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தை மாதம், பளிச்சென்ற வெயில். மெட்ராஸ் நெருங்க நெருங்கக் கீழே ஏரிகள். பத்து, இருபது, எண்ண முடியவில்லை. பெரியதாக ஒன்று வந்தது. அது தாமல் ஏரியா, உத்திரமேரூர் ஏரியா, எங்களுடையதா? ஒவ்வொன்றையும் 'இதுதான்' என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. எங்கள் தொண்டை நாடு மேலிருந்து பார்த்தால் இத்தனை தண்ணீரா என்று வாயடைத்துப் போனேன். நைனாவின் ஏரியை மட்டும் என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

நைனா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். மெலிந்திருந்தார். உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறியதும் கம்பியைத் தேடிப் போனவரைத் தோளைப் பிடித்து இரண்டு பேர் உட்காரும் ஸீட்டில் ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார வைத்தேன். நடைப் பக்கம் நான் உட்கார்ந்தேன். முன்னாலிருந்த ஸீட்டில் என் முட்டி இடித்தது. அவர் எழுந்திருக்க வேண்டுமானால் நான் வழி விட வேண்டும். யோசித்துத்தான் அப்படிச் செய்தேன்.

மாகறல் வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் தடவை நான் ஏரியைப் பார்க்கவில்லை, பொய் எழுதினேன் என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ போனது சித்திர மாசம். ஏரில ஆடு மேஞ்சினு இருந்துது. நீ இன்னாடான்னா தளும்புதுன்னு எயுதிக்கிற."

எனக்கு முகம் எரிந்தது. கண் முன்னால் வறண்டு கிடந்த ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இங்கே வந்து உட்கார்ந்து எழுதும்போது அது நிரம்பிவிட்டிருக்கிறது. "அப்புறம் ஏன் நைனா எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்ச?" என்றேன்.

"நீ பாக்கலன்னு நான் போய் சொல்லணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம், நாங்கள் இருவரும் பஸ்ஸில் சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிற ஒரு தகப்பனும் மகளுமாக இருந்தோம்.

மாகறலில் சின்ன ஆண்டை ஏறினார். தலை நரைத்திருந்தது. முன்னால் ஸீட்டுகள் காலியாகவே இருந்தன. ஆனாலும் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். நைனா எழ ஆரம்பித்தார். நான் முட்டியை அசைக்கவில்லை. கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு, சகாயம் பொண்ணா? சீமைலேர்ந்து எப்ப வந்த?"

"இன்னிக்குத்தான்" என்றேன். 'ஆண்டே' என்று சேர்க்கவில்லை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உக்காரு, உக்காரு. நீ உக்காராம வேற யாரு உக்காருவா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். சொன்னது எனக்கு மட்டும்தான். நைனாவை அவர் பார்க்கவே இல்லை. ஆகவே நைனா உட்காரவும் இல்லை. நான் விடாததால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, கால் பாதி மடங்கி, சின்ன ஆண்டையின் பின்னந்தலையைப் பார்த்தபடியே வந்தார். ஜன்னலில் ஏரி வந்தது. தை மாதத்து ஏரி, நிஜமாகவே தளும்பிக்கொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் அரை மைல் ஓடி முடிந்தது.

மறுநாள் காலையில் கஞ்சி குடிக்கும்போதுதான் நைனா வாய் திறந்தார். "நீ ஏரோப்ளேன்ல பூடுவ. அந்த பஸ்ல போறவன் நானு. மதகுக்கு ஆள் உட்டு கூப்புடுறவரு அவரு."

"நான் பண்ணது தப்பா நைனா?"

"தப்புன்னு யாரு சொன்னா? குந்துறியா நிக்கிறியான்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

லண்டனில் ஊர் பேர் தெரியாத ஒருத்தி என்னைக் கேட்டாள். சமையற்கட்டு அம்மாள்கூட முட்டையைப் பற்றிக் கேட்டாள். அவரை எழுப்பியவர்களும் கேட்டதில்லை, உட்கார வைத்த நானும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளினேன். எட்டு வயதில் அவர் என் கையைப் பிடித்து இழுத்த அதே வேகம். விடுப்பு முடிகிற வரைக்கும் மதகுக்கு அவரைக் கூப்பிட ஆள் வரவில்லை. வருவானா என்று இருவரும் வாசலைப் பார்ப்போம், பார்க்காத மாதிரி இருப்போம். இனிமேல் கூப்பிடுவார்களா என்று தெரியாமலேயே நான் விமானம் ஏறினேன். கவுண்டரில் கேட்டபோது "ஐல்" என்றேன். கீழே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து நீல ஏர்மெயில் கடிதம் வந்தது. உபதேசியார் வழக்கம்போல 'என் நேச குமாரத்திக்கு' என்று ஆரம்பித்து, சுகம், மழை, சபை விசேஷம் எல்லாம் வேதப் புத்தகத் தமிழில் எழுதியிருந்தார். மதகுக்கு நைனாவை மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி. அவரைப் போல மூச்சடக்கி முங்க வேறு ஆள் இல்லையாம். கடைசியில், 'இனி வருவது உன் தகப்பன் சொன்னபடியே எழுதச் சொன்னது' என்று போட்டு எழுதியிருந்தார்:

"போன செவ்வாக்கெயம காஞ்சீரத்துலேர்ந்து வரசொல்ல நானா ஜன்னலாண்ட குந்தினேன். யாரும் சொல்லல. மாகறல்ல சின்ன ஆண்ட ஏறினாரு. நான் எயுந்துக்கல. தூங்குற மாரி கண்ண மூடிக்கினேன். அவரு எறங்குற வரிக்கும் தொறக்கல. அதனால ஏரிய பாக்க முடியாம பூட்ச்சி. நீ அடுத்த தபா வரசொல்ல மேலேர்ந்து பாத்து சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு எயுது."

கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு பஸ் ஏறினேன். இங்கே யாரும் யாருக்காகவும் எழுந்துகொள்ள வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே செங்கல் வீடுகள், புகைக் கூண்டுகள், மழை. ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழவில்லை. ஆனால் என் கண்கள் மூடிக்கொண்டன. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் வெகுதூரம் போய்விட்டது.