நஃபீஸா நிறுத்திய எஞ்சின்

ஆலங்குடாக் கடற்கரையில் புது எஞ்சின் ஒன்று வந்து இறங்கினால், அதைக் கடலுக்குக் கொண்டுபோகுமுன் மணலில் வைத்தே முடுக்கிக் காட்டவேண்டும். வாங்கியவர் கயிற்றைச் சுண்டி இழுப்பார். எஞ்சின் ஊருக்கே கேட்க உறுமும். சுற்றி நிற்பவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்ல சத்தம்" என்று தலையாட்டுவார்கள். அதன்பிறகுதான் சர்பத். பழைய எஞ்சின் என்றாலும் யாராவது முக்கியமான ஆள் வந்தால் இதே மரியாதை உண்டு.

இந்த வழக்கம் நஃபீஸாவுக்கு மட்டும் பிடிக்காது.

காரணம் இருந்தது. படகு எஞ்சின் தன் சூட்டைக் கடல் தண்ணீரால்தான் ஆற்றிக்கொள்கிறது. தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலடியில் ஒரு சின்னப் பம்ப். பம்புக்குள் பூப்போல இதழ் விரித்த ஒரு றப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். அது சுழன்று கடலை உறிஞ்சி மேலே தள்ளும். எஞ்சினுக்குள் ஓடித் திரிந்த தண்ணீர் பின்பக்கத்துச் சிறு துளையால் பீச்சிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பீச்சலுக்குக் கரையில் வழங்கும் பெயரை நஃபீஸா ஆட்களுக்கு முன்னால் சொல்லமாட்டாள். அவள் கணவன் ஃபைஸல் தாராளமாகச் சொல்வான். மணலில் தண்ணீர் ஏது? வெறும் இரும்போடு உரசி றப்பர் கருகும். இதழ்கள் வெடிக்கும்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து குடும்பம் விரட்டப்பட்டு வந்தபோது நஃபீஸா மடியில் கிடந்த பிள்ளை. கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் வாப்பா கூலிக்குத் தண்ணீர் இறைத்தார். இறைக்கும் மெஷின் அடிக்கடி படுத்துவிடும். அதைக் கழற்றிப் பூட்டுவதில் வாப்பாவுக்கு இல்லாத பொறுமை மகளுக்கு இருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது, "பொம்புளப் புள்ளட நகத்துல கிறீஸ்" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "அதுக்குத்தான் கேட்டு வந்தம்" என்றானாம் ஃபைஸல்.

ஃபைஸலுக்குக் கடல் தெரியும், காற்றுத் தெரியும், கதை அளக்க அதைவிட நன்றாகத் தெரியும். யுத்தம் முடிந்து, டொல்பின் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும் அவன் மீன்வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் ஃபைபர் படகில் நான்கு குஷன் போட்டான். பெண்களோடு வரும் குடும்பங்கள் படகில் ஒரு பெண் இருப்பதை விரும்பின. அப்படித்தான் நஃபீஸாவும் கடலுக்குப் போனாள். அவள் எப்போதும் பின்பக்கம் பார்த்தே உட்காருவாள். எல்லோரும் டொல்பினைத் தேடும்போது அவள் எஞ்சினின் பீச்சலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் கரையில் படகுகள் பெருத்துவிட்டன. ஒரு ஹோட்டல் கைகொடுத்தால்தான் சீசன் ஓடும், இல்லாவிட்டால் மறுபடி வலைதான் என்ற நிலை. பக்கத்து ஹோட்டலின் சுற்றுலாப் பொறுப்பாளர் நிக்கொலஸ், ஒரு காலையில் தானே வந்து படகைப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார். சிலாபத்திலிருந்து வந்திருந்த தன் அம்மா றோசமேரியையும் கூட்டி வந்தார்.

நஃபீஸா உள்ளே உயிர்காப்பு அங்கிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மணலில் எஞ்சின் உறுமியது. ஒரு தரம், இன்னொரு தரம், பிறகு நீட்டி ஒரு தரம். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன செஞ்சீங்க?"

"சேர் கேக்கட்டுமெண்டு, புள்ள. ரெண்டு உறுமல்தானே."

"நல்ல சத்தம்" என்றார் நிக்கொலஸ்.

கழற்றிப் பார்க்க நேரமில்லை. படகைத் தள்ளி ஏறினார்கள்.

அலை தாண்டும்வரை பீச்சல் விரல் தடிப்பில் வந்தது. நஃபீஸாவுக்கு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் அது பென்சிலானது. பிறகு நூலானது. அவள் கையை நீட்டி விரலை அதில் பிடித்தாள். சுட்டது.

அதே நேரம் பார்த்து முன்னால் றோசமேரி கத்தினார். "அந்தா! அந்தா பாயுது!"

தூரத்தில் நாலைந்து டொல்பின்கள் வெயிலில் பளபளத்துக்கொண்டு சுழன்று விழுந்தன. நிக்கொலஸ் எழுந்தே நின்றுவிட்டார். ஃபைஸலின் முகத்தில் பெருநாள்.

"நிப்பாட்டுங்க" என்றாள் நஃபீஸா, அவனுக்கு மட்டும் கேட்க.

"பைத்தியமா? இந்தா இரிக்கி டொல்பின். அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசத்துல எஞ்சின் இறுகிரும்."

"நம்மட சீசனே அங்க பாயுது புள்ள!"

அது அவளுக்கும் தெரிந்தது. இவ்வளவு கிட்ட டொல்பினைக் காட்டினால் நிக்கொலஸ் மறுபேச்சுப் பேசமாட்டார். காட்டிவிட்டு எஞ்சின் எரிந்தால், வேறு எஞ்சினுக்கு வழியில்லை. நூல் துளித்துளியாகச் சொட்டத் தொடங்கியது. நஃபீஸா கையை எட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

கடல் சட்டென்று அமைதியானது.

"என்ன நடந்த?" என்றார் நிக்கொலஸ்.

"நான்தான் நிப்பாட்டின சேர். பம்ப் தண்ணி இழுக்குதில்ல. துடுப்பு வலிச்சிக் கரைக்குப் போகோணும்."

ஃபைஸல் வானத்தைப் பார்த்தான். நிக்கொலஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். துடுப்பு இரண்டு இருந்தது. ஒன்று நிக்கொலஸின் கையில் வந்து சேர்ந்தது.

"வலி மகனே வலி" என்றார் றோசமேரி. "ஹோட்டல்ல ஏசிக்குள்ள இருந்து வயிறு வெச்சிட்டுது ஒனக்கு."

கரையில் எஞ்சினின் காலைக் கழற்றியபோது சக்கரத்தில் இரண்டு இதழ் இல்லை. ஒன்று பம்பின் கிண்ணத்துக்குள் கருகிக் கிடந்தது. மற்றதைக் காணவில்லை. நஃபீஸா புது இம்பெல்லருக்கு உடுப்புச் சவர்க்காரத்தைத் தேய்த்து, சுழலும் பக்கம் பார்த்துத் திருகி உள்ளே இறக்கினாள். அதோடு கையை எடுத்துவிட்டாள்.

"பூட்டுங்க தங்கச்சி, போவம்" என்றார் நிக்கொலஸ். "டொல்பின் போயிரும்."

"ஒரு இதழ் இன்னும் உள்ளுக்கு இரிக்கி சேர். அது வழியில அடைச்சா, புதுசு போட்டும் பிரயோசனமில்ல."

"எங்கயாவது கடல்ல போயிருக்கும்."

"இரிந்தாலும் பாக்கோணும்."

தண்ணீர் மேலேறும் செப்புக் குழாயை உருவி எடுத்தாள். கம்பி விட்டால் இன்னும் இறுகும். ஊதித்தான் எடுக்கவேண்டும். குழாயைக் கணவனிடம் நீட்டினாள். "ஊதுங்க. காத்து நிறைய வெச்சிரிக்கிறீங்கதானே."

ஃபைஸல் ஊதினான். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, குழாய் அசையவில்லை.

"நான் இவனைப் பெறும்போதும் இவ்வளவு முக்கேல்ல" என்றார் றோசமேரி, மகனைக் காட்டி.

ஃபைஸலுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பை அடக்கப் போய், அடக்கிய காற்றெல்லாம் ஒரேயடியாகக் குழாய்க்குள் இறங்கியது. 'பொக்'கென்று கறுப்பாக ஏதோ பறந்துபோய் நிக்கொலஸின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. றப்பர் இதழ்.

மறுபடி கடலுக்குப் போனபோது பீச்சல் குழாய்த் தண்ணீர்போல அடித்தது. டொல்பின்தான் இல்லை. ஃபைஸல் வடக்கே ஓட்டினான், தெற்கே ஓட்டினான், நேற்றுப் பார்த்த டொல்பினின் கதைகளைச் சொன்னான். கடைசியில் வெறுங்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இறங்கியதும் நிக்கொலஸ் சட்டைக் கறையைத் தடவினார். "நான் டொல்பின் பாக்கத்தான் வந்தது" என்றார்.

"போன மாசம் உன்ட ஹோட்டல் ஆக்கள் வேற படகுல போய்ப் பார்த்தாங்க, நல்லாப் பார்த்தாங்க" என்றார் றோசமேரி. "எஞ்சின் எரிஞ்சு மத்தியானம்வரை கடல்ல காய்ஞ்சதை நீதானே ஃபோன்ல அழுதுகொண்டு சொன்ன. இவங்க என்னைக் காய விடேல்லையே."

நிக்கொலஸ் அம்மாவைப் பார்த்தார், படகைப் பார்த்தார். நஃபீஸா அதற்குள் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் எஞ்சினின் காலை இறக்கி உப்பைக் கழுவ ஓடவிட்டிருந்தாள்.

"திங்கக்கிழமை ஒரு குடும்பம் வருது" என்றார். "பிள்ளைகளும் வருது. ஃபைஸல் நானா ஓட்டுங்க. ஆனா நிப்பாட்டுறதும் போறதும் தங்கச்சிட கையில. சரியெண்டா சீசன் முடியும்வரை உங்கட படகுதான்."

ஃபைஸலின் வாய் தானாகத் திறந்தது. நஃபீஸா முந்திக்கொண்டாள்.

"சரி சேர். இன்னொண்டு. கரையில எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுறதும் என்ட கையில."

"நான் சத்தத்தைக் கடல்ல கேட்டுக்கொள்றன்" என்றார் நிக்கொலஸ்.

அவர்களின் வாகனம் சவுக்கு மரங்களைத் தாண்டுமுன்னே ஃபைஸல் பக்கத்துப் படகுக்காரர்களிடம் ஓடிவிட்டான். வாயைச் சுற்றிக் குழாயின் பச்சைக் களிம்பு வட்டமாக ஒட்டியிருந்தது. அது தெரியாமல், ஹோட்டலைத் தான் எப்படி மடக்கினேன் என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, நஃபீஸா பீப்பாயில் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினாள்.