பூஜ்யத்திலும் சேராத வீடு

காரைக்காலில் நானும் வசிக்கும் அக்கா வீட்டு ஷோகேசின் மேல்தட்டில் நான்கு வெளிறிய வட்டங்கள் இருக்கின்றன. முன்பு அங்கே பாதி எரிந்த நான்கு மெழுகுவத்திகள் நின்றன. வருகிறவர்கள் கண்ணில் படும்படிதான் அத்தான் அவற்றை வைத்திருந்தார்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருவிழாவின் ஒன்பது நவநாள்களில், மாலைப் பூசையின்போது, அன்றைக்கு முறை உள்ள குடும்பங்கள் மெழுகுவத்தி ஏந்திப் பீடம்வரை போகும். எரிந்து மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரு குடும்பம் பல நாள்கள் போயிருக்கும். ஒரு நாளில் பல குடும்பங்கள் போகும். பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்த அத்தான் இதையெல்லாம் கணினியில் ஏற்றினார். குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, நாள்களுக்கு ஒன்று, யார் எந்த நாளில் போனார்கள் என்று இரண்டையும் இணைக்க மூன்றாவது. ஒருமுறைகூடப் போகாதவர்களை இந்த ஆண்டு கூப்பிட்டுவிட வேண்டும் என்றார் பங்குச் சாமியார். குடும்பங்களை முறைகளோடு இணைத்து எண்ணி, பூஜ்யம் வருகிறவர்களைக் காட்டும்படி அத்தான் கேட்டார். திரை காலியாக வந்தது.

"பாத்தியா, ஒரு வீட்டக்கூட விடல" என்றார் என்னிடம். அதிகம் போனவர்களில் எங்கள் வீடு முதலில் நின்றதையும் காட்டினார். கொடியேற்றத்தன்று, விடுபட்ட வீடே இல்லை என்று சாமியார் அறிவித்தார். கைதட்டினோம்.

கடைசி நாள் பூசை முடிந்ததும் கருக்களாச்சேரியில் மீன் விற்கும் ஓர் அம்மா அத்தானை வாசலில் நிறுத்தினார். அவர் கணவர் வாதத்தில் படுத்திருந்தார்.

"சார், எங்க ஊட்டுக்கு எப்ப முறை? மூச்சு இருக்கயிலயே ஒரு தடவ புடிச்சிரணும்னு அவரு கேட்டுக்கிட்டே கெடக்குறாரு. தூக்கியாச்சும் கொண்டாந்துருவோம்."

கூட நின்ற கொழுந்தன் சிரித்தான். "விடுபட்ட ஊடே இல்லன்னு மைக்குல சொல்லிட்டாங்களே அண்ணி. நம்ம எந்தப் பங்குன்னு மொதல்ல கேளுங்க."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அத்தானுக்குத் தவறு தெரிந்தது. முறைகளோடு இணைக்கும்போதே, இணைய ஒன்றும் இல்லாத குடும்பங்கள் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சியவர்களுக்கு ஒன்று வரும், நான்கு வரும். பூஜ்யம் வரவே வராது. கேள்வியை மாற்றினார். முதலில் எல்லாக் குடும்பங்களையும் நிறுத்து. ஒவ்வொன்றுக்கும் முறையைத் தேடு. எதுவும் கிடைக்காதவற்றைக் கொடு. திரை நிறைந்து கீழே ஓடியது. கருக்களாச்சேரி, நெரவி, மறுபடியும் கருக்களாச்சேரி. அக்கா சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. பிறகு எழுந்து ஷோகேசைத் திறந்து மெழுகுவத்திகளை எடுத்தார். எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மறு ஆண்டு முதல் நாளே அந்த வீட்டுக்கு முறை வந்தது. அந்த அம்மா கொழுந்தனோடு வந்தார். கணவர் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலேயே இறந்துவிட்டிருந்தார். மிஞ்சிய மெழுகுவத்தியோடு அவர் வீட்டுக்குத் திரும்பாமல் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் நடந்தார்.

அத்தானைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்ப்பதுதான் என் பிழைப்பு, பத்திரிகைக்காரன். ஆனால் பீடத்துக்குப் போன நான்கு முறையும், பின்வரிசைகளில் யார் எழாமலேயே இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அத்தான் இப்போது பிரான்சில் மகளோடு இருக்கிறார். திருவிழா முடிந்ததும் போன் செய்வார். "இந்த வருசம் யாரு வரல?" என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வட்டங்களைப் பார்த்து அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். பூ ஜாடி என்று சொல்லிவிடுகிறேன்.