போட்டோ எடுத்தாச்சு, ஆயா

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களுக்கு ஆவடியில் ஒரு சங்கம் வகுப்பு நடத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று என்னைப் பேச அழைத்தார்கள். பாடி மேம்பாலத்தில் குடிகாரன் ஓட்டிய வேன் என் மகனை அடித்துப்போட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"போதும் ஆயா, போட்டோ எடுத்தாச்சு. முழு வகுப்பும் நடந்துச்சுன்னு கையெழுத்து போடு. சங்கத்துக்கு அனுமதி புதுப்பிக்கணும்" என்றார் செயலாளர். வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் விடவில்லை.

"இன்னா நைனா, என் புள்ள செத்தது உன் பைலுக்கா? குந்துங்கடா எல்லாரும்!"

குந்தினார்கள். கடைசிவரை சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் தலை நிமிரவேயில்லை. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. எனக்கு எழுதத் தெரிந்ததே என் பெயர் ஒன்றுதான். அதைப் போய் பொய்க்குக் கீழே போடச் சொன்னார்களே.