பாவில் விழாத பந்து

இன்று காலை சின்ன காஞ்சிபுரத்தில் பாஸ்கெட்பால் மேட்ச். ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். பத்து நொடிதான் மிச்சம்.

எதிரணிக்காரன் தட்டிவிட்ட பந்து கோட்டைத் தாண்டிப் பறந்தது. வெளியே, மைதானத்து ஓரம் முழுக்க, சேலை நெய்யத் தறியில் ஏற்றும் பட்டு இழைகளைப் பாவாக நீட்டியிருந்தார்கள். பந்து நேராக அதன்மேல் விழப் போனது. எங்கள் டீம் சலீம் பாய்ந்துபோய், கோட்டுக்கு வெளியே கால் வைத்துப் பிடித்துவிட்டான்.

ரெஃப்ரி விசில் ஊதினார்.

"கடைசியா தொட்டது நீதான்பா. காலு வெளிய இருக்குது. பந்து அவங்களுக்கு."

"வுட்டிருந்தா பாவு அறுந்திருக்கும் சார்."

"வுட்டிருக்கணும்பா. அதுல பட்டிருந்தா பந்து உங்களுக்குத்தான்."

தோற்றோம்.

மேட்ச் முடிந்ததும் ரெஃப்ரி விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பாவைச் சுருட்டப் போனார். அவர் வீட்டுப் பாவாம்!

"நல்லவேளை, ஒரு இழைகூட அறுந்து போகல" என்று தன் தம்பியிடம் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"சலீமு, இந்த முனைய கொஞ்சம் புடிபா."

அவனும் போய்ப் பிடித்தான்.

'விதிப்படி தீர்ப்பு சரிதானே' என்று பின்னூட்டம் போட வருகிறவர்களே, வீட்டுக்கு வந்ததும் விதிப்புத்தகத்தை நானும் புரட்டிப் பார்த்துவிட்டேன். சரிதான். அதுதான் குமட்டுகிறது.