அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்களும் சபையாரும் என்னிடம் விட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் குறிப்பு எழுதி ஓய்வு பெற்ற தம்பி நான். கோயிலுக்கும் போகாதவன், சபைக்கும் போகாதவன். தெரிந்தே கொடுத்திருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அச்சரப்பாக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படகு இயந்திரங்களைப் பழுது பார்த்துவந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுப்பட்டினம் போனார். குழந்தைகள் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சரிசெய்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க மாமா கடலுக்குள் போனார். மாமாவும் வரவில்லை, படகும் வரவில்லை.

அதற்குமேல் என் துறை. விதவை உதவித்தொகைக்கு இறப்புச் சான்று வேண்டும். இறப்புச் சான்றுக்கு உடல் வேண்டும். உடல் இல்லையென்றால் ஏழு ஆண்டுகள் காத்திருந்து நீதிமன்றம் போக வேண்டும். அரசைப் பொறுத்தவரை அக்கா மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி சபைக்கு அழைத்துப் போனார். அக்கா ஞானஸ்நானம் பெற்றதும் எங்கள் சொந்தங்களில் சிலர் விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் இந்த நினைவு மலர் அனுப்பப்படுகிறது.

அக்காவின் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். நான் போகும்போதெல்லாம் காதில் விழும்: "ஆளத் தராட்டி போ, எலும்பையாவது குடு. ஒரு எடத்துல வெச்சி அழுதுட்டுப் போறேன்." சபையில் இப்படியா ஜெபிப்பார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்களாம். அக்காவுக்கு வேறு விதமாக ஜெபிக்கத் தெரியவில்லை.

ஏழு ஆண்டுகள் கழிந்ததும் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனேன். விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை, நான் எழுதியது. கூண்டில் ஏறிய அக்காவிடம் நீதிபதி கேட்டார்: "இத்தனை ஆண்டுகளில் கணவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா?"

"தெனம் கேட்டுகினுதான் கீறேன், ஐயா."

எங்கள் வழக்கறிஞர் திரும்பி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். தினமும் கேள்விப்பட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பொருள், வழக்கு முடிந்தது.

"தினமுமா? யார் சொல்கிறார்கள்?"

"யாரும் சொல்றதில்லீங்க. நாந்தான் கேக்கறேன், ஆண்டவர்கிட்ட. எங்க வெச்சிகினு கீற, குடுத்துடுன்னு."

"பதில் ஏதும் வந்ததா?"

அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்லீங்க. ஒரு தபாகூட இல்ல."

அதைத்தான் பதிவு செய்தார்கள். அதை வைத்துத்தான் மாமா இறந்தவரானார். வெளியே வந்ததும் வழக்கறிஞருக்கு ஒரே குஷி. "இன்னாம்மா, மொதல்ல கேஸயே கவுக்கப் பாத்த. கடைசியா சொன்ன பாரு, அதாம்மா பாயிண்ட்டு!"

பேருந்து நிலையத்தில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, சாமி பதில் சொல்லலன்னு எழுதிகினாங்களா?"

"எழுதிட்டாங்க அக்கா."

"நானேதான சொன்னேன்."

அதன்பின் அக்கா சபைக்குப் போகவில்லை. ஜெபமும் நின்றது. உதவித்தொகை வரத் தொடங்கியது. அக்கா சாப்பிடுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாத ஒரே காலம் அது.

பிறகு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. சிலரைத் திருப்பித் தந்தது, சிலரைத் தரவில்லை. தம் வீட்டவரின் உடல் கிடைக்காத பெண்கள் கரையிலேயே கிடந்தார்கள். ஆறுதல் சொல்ல வேனில் வந்தவர்கள் மாலையில் வேனில் போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை. ஒரு பெண் அவரை உலுக்கினாள்: "நீதான் வேதக்காரியாச்சே. ஒங்க சாமி இன்னாதான் சொல்லுது?"

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலடி. வா, சேந்து கேப்போம்."

நின்றுபோன ஜெபம் அன்று மறுபடி தொடங்கியது. பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ஒங்க மாமா திரும்பி வந்திருந்தா, இவுளுங்க பக்கத்துல ஒக்கார என்னால ஆயிருக்குமா? இதாண்டா எனக்குக் கெடச்ச ஆசீர்வாதம்." ஒரு மனிதரைக் கொடுத்து வாங்க வேண்டிய பொருளா அது என்று கேட்டேன். "நானா வெல பேசுனேன்?" என்றார். இன்றுவரை எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கடைசி நாள்களில் வலி தாங்காமல் கத்தினார். அமைதியாக உறங்கினார் என்று எழுதச் சொன்னார்கள். நான் பொய்க் குறிப்பு எழுதியதில்லை.

அடக்கத்தன்று போதகர் ஐயா ஜெபித்து முடித்ததும், கரையிலிருந்து அந்தப் பெண்கள் வந்தார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. வரிசையாக ஆளுக்கொரு பிடி மண் அக்காவின் மேல் போட்டார்கள். முன்னால் நின்றவள் மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள். "போதகரே, இது எங்க வூட்டுக்காரருக்கு. போடலாங்களா?" போதகர் ஐயா தலையசைத்தார். பின்னால் நின்றவர்களும் குனிந்தார்கள். ஒருத்தி மகனின் பெயரைச் சொன்னாள்.

தூக்கிச் சுமந்த சபையாருக்கும், மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் உடனிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும், இப்போதாவது வந்த சொந்தங்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கரையிலிருந்து வந்த அந்தப் பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் அமையவில்லை. அவர்கள் போட்டு முடித்ததும் நானும் ஒரு பிடி அள்ளி, மாமாவின் பெயரைச் சொல்லிப் போட்டேன்.